போவாவுக்கு மண் கூண்டு: வடசென்னை வீடுகளில் கவனிக்க வேண்டியவை

மண், செடி, மரக்கிளை வைத்துப் பாம்புக்கு இயற்கையான கூண்டு அமைக்கச் சொல்லித் தரும் காணொளிகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்காக எடுக்கப்பட்டவை. அங்கே கூண்டின் வேலை வெப்பத்தையும் ஈரத்தையும் உள்ளே பிடித்து வைப்பது. அதே கூண்டை ராயபுரத்திலோ கொளத்தூரிலோ கட்டினால் மே மாதத்தில் பாம்பு சூட்டில் தவிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதன் வயிற்றுச் செதில் அழுகும். நம் ஊரில் கூண்டுக்கு முதல் தேவை காற்றோட்டம்.

முதலில் சட்டம். நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதில் பேச்சுக்கே இடமில்லை. போவா விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பு, சைட்டிஸ் எனும் பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2024-இல் வந்த விதிகளின்படி அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவர் உரிய தாள்களைத் தர மறுத்தால் வாங்காதீர்கள்.

பெண் போவா 6 முதல் 8 அடி வரை சாதாரணமாக வளரும். அது முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்க இடம் வேண்டும். 6 அடிப் பாம்புக்கு 6 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம் என்று கணக்கிடலாம். பலரும் கணக்கில் விடுவது எடையைத்தான். இந்த அளவுக் கூண்டில் 6 அங்குலம் மண் போட்டால் 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். ஈரத்தோடு 200 கிலோவைத் தாண்டிவிடும். கண்ணாடி, பலகை, மரத்துண்டு சேர்த்தால் 300 கிலோவை நெருங்கும். பழைய வண்ணாரப்பேட்டை, ஜார்ஜ் டவுன் பக்கம் மரக்கட்டை தாங்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடியில் இதை வைக்கவே கூடாது. தரைத்தளம்தான் சரி. ஆனால் வியாசர்பாடி, புளியந்தோப்பு போலத் தண்ணீர் ஏறும் பகுதியில் இரும்பு ஆங்கிளில் குறைந்தது 2 அடி உயர ஸ்டாண்ட் தேவை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாம்பை அவசரமாக எடுத்துச் செல்ல, காற்றுத்துளை போட்ட, மூடி பூட்டும் பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு துணிப்பையும் மழைக்காலம் முழுக்கக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பலகைக்கு 18 மி.மீ. பி.வி.சி. ஃபோம் போர்டு நல்லது. மரைன் பிளைவுட் என்றால் விளிம்புகள் உட்பட எபாக்சி இரண்டு பூச்சு பூசி, வாசனை முழுதாகப் போகும்வரை காய விடுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் உப்புக்காற்றில் சாதாரண திருகாணி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள். காற்றுத்துளைகளை முன்பக்கம் கீழேயும் பின்பக்கம் மேலேயும் வையுங்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியேற, கீழிருந்து புதுக்காற்று உள்ளே வரும். முன்கதவு 6 மி.மீ. டஃபன்டு கண்ணாடி, கட்டாயம் பூட்டோடு.

அடியில் 2 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லி, அதன்மேல் நிழல்வலை. பிறகு தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, உரம் கலக்காத செம்மண் இரண்டு பங்கு, கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கு. நார்க்கழிவு மட்டும் போட்டால் காயும்போது தூசி பறக்கும், நனைந்தால் சேறாகும். செம்மண்தான் அதைக் கட்டுப்படுத்துகிறது. நார்க்கழிவில் உப்பு இருக்கும், பலமுறை ஊறவைத்துக் கழுவிய பிறகே கலக்க வேண்டும். மேலே காய்ந்த நாட்டு வாதுமை இலைகளைப் பரப்புங்கள். கிளைக்குக் கொய்யாமரம் உறுதியானது. அதைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பல கிலோ எடையுள்ள பாம்பு ஏறும்போது கிளை சரிந்தால் முதுகெலும்புக்கு ஆபத்து. மென்மையான செடிகளை அது நசுக்கிவிடும். மருள், மணி பிளான்ட் தாங்கும். நர்சரிச் செடியில் பூச்சிமருந்து இருக்கலாம் என்பதால் வேர் மண்ணை உதறி, கழுவி, ஒரு மாதம் தனியாக வளர்த்து நடுங்கள்.

புதுப் பாம்பு முதல் மூன்று மாதம் வேறொரு பெட்டியில் செய்தித்தாள் விரிப்பின்மேல் இருக்கட்டும். உண்ணி இருந்தால் தாளில் கண்ணுக்குத் தெரியும்; மண்ணில் தெரியாது. மண் கூண்டுக்குள் உண்ணி புகுந்துவிட்டால் அவ்வளவு மண்ணையும் வாரிக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. தவிர, போவாக்களைக் கொல்லும் வைரஸ் நோய் ஒன்றையும் உண்ணிகள் பரப்பக்கூடும். மலப் பரிசோதனைக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

வெப்பத்துக்கு மேலிருந்து விளக்கு போதும், கம்பிக்கூடு போட்டு. இல்லையென்றால் பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு வெந்துவிடும். ஆழமான மண்ணுக்கடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) வைக்காதீர்கள்: சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கும். விளக்கடியில் 31 முதல் 33 டிகிரி, மறுகோடியில் 25 முதல் 27. சூட்டைப் பார்த்து விளக்கைத் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட்டின் உணரியை விளக்குக்கு நேர்கீழே பாம்பின் முதுகு உயரத்தில் இறுக்கிக் கட்டுங்கள். அது நழுவிக் குளிர்ப்பக்கம் விழுந்தால் விளக்கு அணையவே அணையாது. பாம்புகளின் முதுகில் வரும் தீக்காயங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம். கோடையில் அறையே 32 டிகிரியைத் தொட்டால் விளக்கை அணைத்துவிடுங்கள். மொட்டைமாடிக்கு நேர்கீழ் அறை மே மாதத்தில் இரவிலும் ஆறாது, அங்கே ஏ.சி. இல்லாமல் கூண்டு வைக்கக் கூடாது. பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியிலேயே கிடந்தால் சூடு தாங்கவில்லை, அல்லது உண்ணி இருக்கிறது.

ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம் போதும். கடலோரத்தில் வெளிக்காற்றிலேயே அது கிடைத்துவிடும் என்பதால் தினமும் தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை. மேல்மண் உலர்ந்தும் அடிமண் ஈரமாகவும் இருக்க, மூலைகளில் மட்டும் ஊற்றுங்கள். ஒரு பிடி மண்ணை இறுக்கினால் உருண்டை நிற்கணும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. மூக்கில் குமிழ், திறந்த வாய் என்றால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஏ.சி. அறையில் நிலைமை தலைகீழ். காற்று வறண்டு சட்டை துண்டு துண்டாக உரியும், அங்கே ஈரப்பாசி வைத்த மறைவிடம் ஒன்று தேவை.

கூண்டைச் சுத்தமாக வைக்க மண்ணில் விடும் சிற்றுயிர்களான ஐசோபாடுகளும் ஸ்பிரிங்டெயில்களும் பூஞ்சையையும் மக்கிய இலையையும் தின்னும். போவாவின் மலம் அவற்றின் சக்திக்கு மீறியது. அன்றே மண்ணோடு ஒரு சாண் அகலம் தோண்டி எடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி சிறு குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கும்.

கூண்டுள்ள அறையில் கொசு லிக்விட், கொசுவத்தி, எறும்புச் சாக்பீஸ், ஃபினாயில் நான்கும் வேண்டாம். முதல் மூன்றிலும் பொதுவாக இருப்பது பைரித்ராய்டு ரசாயனம். பாம்புக்கு அது நரம்பு விஷம். நடுக்கம், தலை சுழற்றல், வலிப்பு என்று வெளிப்படும். கொசுவுக்கு ஜன்னலில் வலை அடியுங்கள். எறும்புக்கு ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். தெருவில் கொசுப்புகை அடிக்கும் நேரத்தில் ஜன்னலை மூடி, புகை முழுதாகக் கலைந்த பிறகு திறங்கள்.