விசிலுக்கு இளகும் குதிரை

ஓட்டப்பந்தய வீரரிடம் கோப்பையைக் கொடுத்து ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் கேட்கலாம், பந்தயக் குதிரையிடம் எப்படிக் கேட்பார்கள் என்று வாசகி ஒருவர் எழுதியிருந்தார்.

விசிலடித்துத்தான் கேட்பார்கள்.

பந்தயம் முடிந்ததும் குதிரையை நடத்தி, உடல் சூட்டைத் தணித்து, தண்ணீர் காட்டி, புது வைக்கோல் பரப்பிய கொட்டடிக்குள் விடுவார்கள். நீளக் கம்பின் நுனியில் கோப்பையை மாட்டிக்கொண்டு ஒருவர் பக்கவாட்டில் நிற்பார். மெல்லிய விசில். நடுநடுவே காலால் வைக்கோலைச் சரசரவென்று கிளறுவார். சில குதிரைகள் உடனே இளகிவிடும். சில ஒரு மணி நேரம் ஆனாலும் மசியாது. அப்போது ரத்தம்தான் எடுக்க வேண்டும்.

சிறுநீர்ப்பை நிறைந்தால் நரம்புகள் மூளைக்குச் சொல்லும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் வாயிலைத் திறக்கும் விசை மூளைத்தண்டில் இருக்கிறது. பாரிங்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1920களில் பூனைகளிடம் அதைக் கண்டறிந்தார். அந்த விசைக்கு மேல்மூளையின் சம்மதம் வேண்டும். “இந்த இடம் பத்திரமா?” என்ற கேள்விக்கு விடை கிடைக்காதவரை வாயில் திறக்காது. குதிரை சிறுநீர் கழிக்க நின்று, பின்னங்கால்களை அகட்டி, உடலை நீட்ட வேண்டும். அந்தச் சில நொடிகளில் புலி வந்தால் ஓட முடியாது. தரை கெட்டியாக இருந்தால் காலில் தெறிக்கும், அதுவும் அதற்குப் பிடிக்காது. வெளியே போய்த் திரும்பிய குதிரை புது வைக்கோலில் கால் வைத்ததுமே சிறுநீர் கழிப்பது இதனால்தான்.

விசில் எப்படி வேலை செய்கிறது? குதிரை சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் லாயத்துக்காரர் ஒரே மாதிரி விசிலடிப்பார். நாளடைவில் ஒலியும் தசை தளர்வதும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். பாவ்லோவின் நாய்க்கு மணியோசையில் எச்சில் ஊறியது போல. என் பாட்டி, என் தம்பியைக் கால்மேல் உட்காரவைத்து “ஸ்ஸ்ஸ்” என்பார். இரண்டே நிமிடத்தில் பாட்டியின் பாதம் நனையும். அதே நரம்பியல்தான் பந்தய மைதானத்திலும் நடக்கிறது. எனக்கு இது இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது.

நோயைக் கண்டறியவும் குதிரையின் சிறுநீர் வேண்டும். சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டு எடுத்தால் என்ன? ஆண் குதிரைக்குப் பெரும்பாலும் அமைதிப்படுத்தும் ஊசி போட வேண்டும். அப்படிப் போடும் சைலசின் என்ற மருந்து இன்சுலினைக் குறைத்து ரத்தச் சர்க்கரையை ஏற்றும், சிறுநீரைப் பெருக்கி நீர்க்கச் செய்யும். சிறுநீரகம் எவ்வளவு அடர்த்தியாக வடிக்கிறது என்று பார்க்க வந்த டாக்டருக்கு மருந்தின் விளைவே விடையாகத் தெரியும். குழாய் உரசி ரத்த அணுக்களும் கலக்கலாம். கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு மட்டும் குழாய்தான் நல்லது. கோப்பையில் பிடித்ததில் தோல் கிருமிகள் சேர்ந்துவிடும்.

கோப்பையில் விழுவது கலங்கலாக, சளி போல இழையோடியிருக்கும். பயப்பட வேண்டாம். குதிரையின் குடல், தேவையோ இல்லையோ, தீவனத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தை நிறைய உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றும். குதிரைமசால் என்ற தீவனப்பயிரைத் தின்ற குதிரையின் சிறுநீரை அசையாமல் வைத்தால் அடியில் கால்சியம் கார்பனேட் வண்டலாகப் படியும். அதனால் சோதிக்கும் முன் நன்றாகக் கலக்க வேண்டும். காரத்தன்மை அதிகம் என்பதால் சோதனைப் பட்டை இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. கடும் உழைப்புக்குப் பின் காப்பி நிறத்தில் வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். தசை சிதைந்து அதன் நிறமி இறங்குகிறது என்று பொருளாகலாம்.

கோமியம் குடித்தால் நோய் தீரும் என்பதை நான் நம்பவில்லை. சிறுநீரைப் படித்தால் நோய் தெரியும் என்பதை நம்புகிறேன். ஆராய்ச்சிப் பணம் சிறுநீர்ச் சோதனையின் பக்கம் போகட்டும். மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரைக்கும் இந்தச் சோதனை எட்ட வேண்டும்.

குதிரை வளர்ப்பவர்கள் விசிலை இன்றே தொடங்கலாம். நோய் வந்த பிறகு பழக்க நேரம் இருக்காது.