பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

குன்னூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். சர்வீஸுக்கு வண்டி கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். இன்ஜின் ஆயில் மாற்றிய மாதம் பலருக்கும் நினைவிருக்கிறது. டயர், பேட்டரி மாற்றியதைக் கூடச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். பிரேக் ஆயில் என்றதும் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். "அதையும் மாத்தணுமாண்ணா? குறைஞ்சா ஊத்திக்கிறதுதானே?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வாங்கி ஆறு, ஏழு வருஷமாகியும் கம்பெனியில் ஊற்றிய அதே பிரேக் ஆயிலோடு தினமும் மேட்டுப்பாளையம் போய்வரும் வண்டிகள் இங்கே இருக்கின்றன. மலையில் வண்டி ஓட்டும் நம்மை மற்ற எதையும் விட அதிகமாகக் கவலைப்பட வைக்க வேண்டியது இது என்பதால், இதைப் பற்றியே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகளோடு 1,500 மீட்டர் இறக்கம். ஆளும் சாமானுமாக 1,200 கிலோ வரும் ஒரு கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஐந்து மணி நேரம் விடாமல் சூடாக்கினால் ஆகும் கரண்ட் அது. இரண்டாவது கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை இன்ஜின் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலிலோ நான்காவது கியரிலோ விட்டால் கிட்டத்தட்ட மொத்தமும் ஒரு மணி நேரத்துக்குள் பிரேக்கில் சூடாக இறங்கும். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க் 300 டிகிரியைத் தாண்டுவதெல்லாம் இப்படித்தான். அந்தச் சூடு, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடு வழியாக, பேடைத் தள்ளும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் வழியாக, பிரேக் ஆயிலுக்குப் போகிறது.

நாம் பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில்தான். நம் வண்டிகளில் ஊற்றுவது கிளைக்கால் வகைத் திரவம். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவின் மூடியில் இருக்கும் சிறு துவாரம் வழியாகவும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் போகும், ஷெட்டில் நின்றாலும் போகும். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று தர வகைகள் உண்டு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு. வருஷத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் நாம் இருக்கிறோம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கொதித்தால் என்ன ஆகும்? ஆயிலுக்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். நீங்கள் மிதிக்கும் மிதி எல்லாம் அந்தக் குமிழ்களைச் சுருக்குவதிலேயே போய்விடும். பெடல் பொசுபொசுவென்று தரை வரை போகும், வண்டி நிற்காது. பேடு சூடேறிப் பிடிமானம் குறைவது வேறு விஷயம். அப்போது பெடல் காலுக்குக் கெட்டியாகவே இருக்கும், கருகிய வாடை வரும், வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெடல் கெட்டியாக இருந்து பிடிக்கவில்லை என்றால் பேடு. பெடல் உள்ளே போனால் ஆயில்.

இதில் ஆளை ஏமாற்றும் ஒரு சங்கதி இருக்கிறது. அரை மணி நேரம் வண்டி ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். இறக்கத்தில் பர்லியார் பக்கம் பிரேக் பிடிக்காமல் போன வண்டி, மேட்டுப்பாளையம் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது நன்றாகவே நிற்கும். "செக் பண்ணிட்டோம், ஒண்ணும் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு முறை இறக்கத்தில் பெடல் உள்ளே போயிருந்தால், அப்புறம் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் சரி, ஆயிலை மாற்றாமல் அடுத்த முறை மலை இறங்காதீர்கள்.

இன்னொன்று. சூடான பிரேக்கோடு டீ குடிக்க நிறுத்துகிறோம். ஓடும்போது அடித்த காற்று நின்றுவிடுவதால் டிஸ்க்கில் இருக்கும் சூடு அப்போதுதான் ஆயிலுக்கு வேகமாகப் போகும். ஆகவே நிறுத்தினால் உடனே கிளம்பாமல் நன்றாக ஆறவிடுங்கள். கிளம்புவதற்கு முன் நின்ற இடத்திலேயே பெடலை மூன்று நான்கு முறை மிதித்துப் பாருங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், கோணிவிடும்.

சரி, எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது? பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருஷம் என்று போட்டிருப்பார்கள். சமவெளி வண்டிக்கு அது போதும். தினமும் மலை ஏறி இறங்கும் வண்டிக்கு வருஷம் ஒரு முறை என்பதுதான் என் கணக்கு. வாடகை வண்டி, பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப், கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் வண்டி இவற்றுக்கெல்லாம் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஊருக்குள் மட்டும் ஓடும் சொந்தக் கார் என்றால் இரண்டு வருஷம், அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம். செலவைப் பார்த்தால், குறைவான தொகையில் முடியும் வேலைகளில் இதுவும் ஒன்று.

நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. தெளிவாகத் தெரியும் ஆயிலிலும் ஈரம் ஏறியிருக்கும். ஈரத்தைச் சோதிக்க பேனா மாதிரி ஒரு டெஸ்டர் இருக்கிறது, உங்கள் மெக்கானிக்கிடம் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மேலே டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றினால் அது மாற்றியதாகாது. கொதிக்கும் இடம் சக்கரத்தில் இருக்கிறது. நான்கு சக்கரத்திலும் பழையது முழுக்க வெளியேறும் வரை வடித்துவிட வேண்டும், இதைத்தான் பிளீட் செய்வது என்கிறோம். ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளுக்கு ஸ்கேனரும் மாட்ட வேண்டியிருக்கும். திறந்து மாசக்கணக்கில் ஆன பாட்டிலில் மிச்சம் இருப்பதை ஊற்ற விடாதீர்கள், அது பாட்டிலில் இருக்கும்போதே ஈரம் குடித்திருக்கும். அளவு குறைந்தால் ஊற்றிக்கொள்வோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பேடு தேயத் தேய டப்பாவில் அளவு தானாக இறங்கும். ஆகவே குறைந்திருந்தால் முதலில் பேடைப் பாருங்கள், அடுத்து எங்கேயாவது கசிகிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றிவிட்டால் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப் பாழாகும். பல கார்களில் கிளட்சுக்கும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது, மாற்றும்போது அதையும் சேர்த்துப் பிளீட் செய்யச் சொல்லுங்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அதை எடுக்கும் கையோடு சர்வீஸ் புத்தகத்தில் பிரேக் ஆயில் மாற்றிய தேதியைத் தேடிப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் இறக்கத்தில் 'டி'-யிலேயே விட்டுவிடாமல் 'எல்' அல்லது மேனுவலுக்கு மாற்றப் பழகிக்கொண்டு வாருங்கள். ஸ்கூட்டரில் கீழ் கியருக்கு மாற்ற வழியே இல்லை, இன்ஜின் பிடிப்பும் குறைவு, டிஸ்க் பிரேக் டப்பாவும் சின்னது. அதனால் ஸ்கூட்டருக்கு நின்று நின்று இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

இனி இன்ஜின் ஆயில். "வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் கூட ஓடலை, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பவர்களுக்கு: குறைவாக ஓடுவதால்தான் மாற்ற வேண்டும். அரவங்காட்டிலிருந்து குன்னூர், கேத்தியிலிருந்து ஊட்டி என்று பத்து, பதினைந்து நிமிஷ ஓட்டம்தான் இங்கே பலருக்கும். வெளியே குளிர். ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியும், எரியாமல் நழுவிய பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்த பசை ஒட்டியிருந்தால் ஈரம் தங்குகிறது என்று அர்த்தம். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறையாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓட்டினாலே சரியாகும். கூலண்டும் குறைகிறது என்றால் உடனே காட்டுங்கள்.

உங்கள் வண்டிக் கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கு என்று தனியாக ஒரு அட்டவணை இருக்கும். குறுகிய தூர ஓட்டம், மலைப்பாதை, தூசி, அதிகச் சுமை எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். நம் எல்லோருக்கும் உரியது அந்த அட்டவணைதான். சாதாரண அட்டவணையில் 10,000 கிலோமீட்டர் என்று இருந்தால் இதில் பெரும்பாலும் பாதி. எவ்வளவு குறைவாக ஓடினாலும் வருஷம் ஒரு முறை ஆயிலும் ஆயில் ஃபில்டரும் சேர்ந்தே மாற வேண்டும். பிஎஸ்6 டீசல் வண்டிக்காரர்கள் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை அடிக்கடி பாருங்கள். சைலன்சரில் உள்ள டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி தன் கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளத் தொடர்ந்த ஓட்டம் வேண்டும். அது பாதியில் நின்றுகொண்டே இருந்தால் டீசல் ஆயிலில் இறங்கி, அளவு ஏறும். ஆயில் குறையவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள், மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கூலண்டில் நான் பார்க்கும் பெரிய கெடுதல், வழியில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது. ஒரு அவசரத்துக்குச் சரி. அதையே வழக்கமாக்கினால் உள்ளே துரு பிடித்து, கூலண்ட் ஓட்டத்தைச் சூட்டுக்குத் தக்கபடி திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மாட்டிக்கொள்ளும், ரேடியேட்டர் அடைக்கும். அப்புறம் ஹீட் ஆகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இந்தக் குளிரில் அது இல்லாமல் ஓடும் இன்ஜின் ஒரு நாளும் சூடேறாது, முன்பு சொன்ன ஈரப்பசை இன்னும் கூடும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடிதான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து அதை 20 டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், கூலண்ட் நிறைய இருந்தும் மேட்டில் கொதிக்கும். அதனால் கூலண்ட் மாற்றும்போது மூடியையும் பார்த்து மாற்றுங்கள். தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் மாதங்களில் வெறும் தண்ணீரோடு வண்டியை வெளியே நிறுத்துவது ஆபத்து. பாதிக்குப் பாதி கலவை பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே போனாலும் உறையாது. சாதாரண வகையை இரண்டு வருஷத்தில் மாற்றுங்கள். நீண்ட ஆயுள் வகை என்றால் கையேட்டில் போட்டபடி. பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிறம் போடுகிறது.

ஃபில்டர்களுக்கு வருவோம். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜினுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கும் இடத்தில் அடைத்த ஏர் ஃபில்டரும் சேர்ந்தால் ஏற்றத்தில் இழுக்காது. எஸ்டேட் மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை மழைக்காலத்தில் அடிக்கடி வடித்துவிட வேண்டும். இரவுக் குளிரில் காலி டேங்குக்குள் வியர்க்கும் என்பதால் சாயங்காலமே டீசல் நிரப்பிவிடுவது நல்லது.

கேபின் ஃபில்டர் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். "இங்கே ஏசி போடறதே இல்லை, அது எதுக்கு?" என்கிறார்கள். காட்டேரி வளைவில் மூடுபனி இறங்கும்போது முன் கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பது அந்த வழியாக வரும் காற்றுதான். பூஞ்சை பிடித்து அடைத்துக்கொண்டால் காற்று வராது, கண்ணாடி வேர்த்து ரோடு மறையும். வருஷம் ஒரு முறை, மழை முடிந்ததும் மாற்றுங்கள். கண்ணாடி வேர்த்தால் ஏசியும் சூட்டுக் காற்றும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், சட்டென்று தெளியும்.

கியர் ஆயிலும், அச்சில் உள்ள கிரவுன் பல்சக்கரத்துக்கு ஊற்றும் கிரவுன் ஆயிலும் லோடு வண்டிக்காரர்கள் கவலை. கையேட்டில் 40,000 கிலோமீட்டர் என்றால் நான் 20,000-த்தில் மாற்றச் சொல்வேன்.

வீட்டிலேயே மாற்றுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தேயிலைக்கு நடுவிலோ ஊற்றாதீர்கள், இங்கே கொட்டுவதெல்லாம் ஓடை வழியாகக் கீழே குடிக்கும் தண்ணீருக்குத்தான் போகிறது. பழைய கூலண்ட் இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிச் செத்துவிடும். இரண்டையும் தனித்தனிக் கேனில் பிடித்து மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.