கார்ட்டூன் பிள்ளைகளுக்குக் குரல் கொடுக்கும் பெண்களே, கரகரப்பை மறைக்காதீர்கள்

காலையில் எழுந்தவுடன் குரல் வரவில்லை, பத்து மணிக்குப் பிறகுதான் மெல்லத் திறக்கிறது. இப்படி ஒரு மாதமாக நடக்கிறதென்றால் அதைச் சாதாரணத் தொண்டைக்கட்டு என்று விட்டுவிடக் கூடாது. கொழும்பில் பேச்சுச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். குரல் பிரச்சினையோடு வருகிறவர்களில் ஆசிரியைமாரே அதிகம். அவர்களோடு சேர்ந்து இன்னொரு சிறிய கூட்டமும் வரும். அவர்கள் கார்ட்டூன்களுக்கும் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கும் குரல் கொடுக்கும் பெண்கள். என்னைக் கவலைப்படுத்துவது அவர்கள் வரும் நேரம். எல்லாரும் பிந்தித்தான் வருகிறார்கள்.

ஏன் பிந்துகிறார்கள் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான். குரல் கம்மிப்போன செய்தி கலையகத்தில் பரவினால் அடுத்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். இந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழில் குரல் கொடுக்கும் வேலை இங்கே கொஞ்சம்தான். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 இல் தொடங்கிய பிறகு டைட்டஸ் தொட்டவத்த என்ற இயக்குநர் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் சேர்த்து ஒரு தலைமுறைப் பிள்ளைகளையே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைத்தார். தமிழ்ப் பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன்களிலோ பெரும்பாலானவை சென்னையில் குரல் கொடுக்கப்பட்டு வருகின்றன. கொழும்பில் எஞ்சுவது பாட அனிமேஷன், விளம்பரம், வானொலி நாடகம், யூடியூப் சிறுவர் பாட்டு என்று சிதறிக் கிடக்கும் வேலைகள். இதை மட்டும் நம்பிச் சீவிக்க முடியாது. ஆகவே காலையில் மொன்டிசோரியில் படிப்பிப்பு, மாலையில் கலையகம். பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும் நேரமே இல்லை.

சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்களை அழைப்பதற்குக் காரணம் உடலியல்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் ஆண் பிள்ளையின் குரல் உடையத் தொடங்கும். தொடர் ஒன்று பத்து வருடம் ஓடினாலும் அதில் வரும் பையனுக்கு வயது கூடாது. அமெரிக்க நடிகை நான்சி கார்ட்ரைட் 1987 இல் இருந்து பார்ட் சிம்ப்சன் என்ற பத்து வயதுப் பையனுக்குக் குரல் கொடுத்து வருகிறார். யப்பானில் 1979 முதல் 2005 வரை டோரேமானின் குரலாக இருந்தவர் நொபுயோ ஓயாமா என்ற பெண். நம் வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் ஷின்சானுக்கு 1992 இல் இருந்து யப்பானிய மொழியில் குரல் கொடுத்த அகிகோ யாஜிமா 2018 இல் தானாகவே விலகினார். அந்தக் குரலை உருவாக்குவதிலேயே கவனம் முழுவதும் போய்விடுகிறது, பாத்திரத்தின் பேச்சு இயல்பாக வருவதில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். இருபத்தாறு வருட அனுபவமுள்ள ஒருவர் அதை வெளிப்படையாகச் சொன்னார். நம் கலையகங்களிலும் அப்படிச் சொல்ல இடம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனித் தொண்டைக்குள் நடப்பதைப் பார்ப்போம். பெண் ஒருவர் சாதாரணமாகக் கதைக்கும்போது குரல்நாண்கள் இரண்டும் செக்கனுக்கு ஏறத்தாழ 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆணுக்கு இது 120 அளவில் இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையின் குரலை எடுத்தால் 300 இல் வந்து நிற்கும். அந்தச் சுருதியில் பத்து நிமிடம் இடைவிடாமல் ஒலி எழுப்பினால் 180,000 மோதல்கள். சத்தத்தைக் கூட்டினால் ஒவ்வொரு மோதலும் இன்னும் பலமாக விழும். மோதல் கடுமையாக விழும் இடம் நாணின் முன்பக்கத்தில் இருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் உள்ளது. தேங்காய் திருவும் கையில் காய்ப்பு விழுவதுபோல அந்த இடத்தில் இரண்டு பக்கமும் தடிப்பு வரும். கிளினிக்கில் இதை நொடியூல் என்போம். தடிப்பு வந்த நாண்கள் முழுதாக மூடாது. இடுக்கால் காற்றுக் கசியும், குரல் கரகரக்கும், மேல் சுருதி முதலில் போகும். குரல் கலைஞர் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் அழுத்தி அந்தச் சுருதியைப் பிடிப்பார். அழுத்த அழுத்தத் தடிப்பும் கூடும்.

அண்மைக் காலத்தில் வந்த பலரின் கதைகளைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறேன். முப்பது வயதைத் தாண்டியவர். வெள்ளவத்தையில் மொன்டிசோரி ஆசிரியை. மாலையில் அணில் குட்டி ஒன்றுக்கும் அதன் தம்பிக்கும் ஒரு கிழட்டு ஆமைக்கும் குரல் கொடுக்கிறார். ஒருவரே மூன்று பாத்திரம் செய்தால் தயாரிப்புச் செலவு குறையும். "மிஸ், சின்ன அணில்தான் எனக்கு வருதில்லை. ஆமை இப்ப எக்கச்சக்கமா நல்லா வருது" என்றார். ஆமை நன்றாக வந்தது கரகரப்பினால் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

கண்ணாடியின் முன் நிறுத்தி அணில் குட்டியைக் கதைக்கச் சொன்னேன். நாடி முன்னால் நீண்டது. கழுத்தின் இரு பக்கமும் நரம்பு புடைத்தது. தோள்கள் காதை நோக்கி ஏறின. அவருடைய விரலையே குரல்வளை மேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அது நாடிக்கு அடியில் போய் ஒட்டி நின்றது, வசனம் முடிந்த பிறகும் இறங்கவில்லை. வசனத்தின் நடுவில் மூச்சு எடுத்தாரா என்று கேட்டேன். எடுத்தால் பட வாயசைவோடு பொருந்தாது என்றார். ஒரு மூச்சில் முடியாத வசனத்தின் கடைசிச் சொற்களைத் தொண்டையை நெரித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டேக்கிலும் அப்படித்தான்.

குரல் கலைஞர்கள் எல்லாரும் கேட்க வேண்டிய விடயம் ஒன்று இங்கே உண்டு. பிள்ளைக் குரல் என்று நம் காது பிடிப்பதில் சுருதி ஒரு பகுதி மட்டுமே. குரல்நாணில் இருந்து உதடு வரையுள்ள குழாயின் நீளமும் முக்கியம். வளர்ந்த பெண்ணுக்கு அது ஏறத்தாழ 14 சென்டிமீற்றர், ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு 11 அளவில். குழாயின் நீளம் குறைந்தால் ஒலி தானாகவே பிள்ளைக் குரல்போல ஆகும். அதற்குத் தொண்டையை நெரிக்கத் தேவையில்லை. உதடுகளைப் புன்னகையில் விரிக்கலாம், நாக்கை முன்பல்லுக்குப் பின்னால் கொண்டுவரலாம், ஒலியை மூக்கு, கன்னப் பக்கம் எடுக்கலாம். மீதியைப் பேச்சு நடை பார்த்துக்கொள்ளும். பிள்ளை தேவையில்லாத இடத்தில் மூச்செடுக்கும், ஒரு சொல்லை இழுக்கும், வசனத்தின் முடிவைக் கேள்விபோல உயர்த்தும். இவற்றைக் கையில் எடுத்தால் சுருதியைக் கொஞ்சம் இறக்கினாலும் பார்க்கும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. மைக் வாய்க்கு அருகில் இருக்கிறது, பெருஞ்சத்தமும் தேவையில்லை. அந்தச் சகோதரியின் அணில் குட்டி இப்போது முன்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்த சுருதியில் கதைக்கிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒலிப்பதிவுக்கு முன்னும் பின்னும் செய்ய ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ரோவின் நுனி இரண்டு விரற்கடை அளவு நீரில் இருக்கும்படி பிடியுங்கள். உதட்டால் இறுக்கி மூடி, ஸ்ட்ரோ வழியாக "ஊ" என்று குரல் விடுங்கள். காற்றை மட்டும் ஊதினால் போதாது, குரலும் வர வேண்டும். குமிழிகள் சீராக வரட்டும். பிறகு கீழ்ச் சுருதியில் இருந்து மேலே போய், மேலே இருந்து கீழே வாருங்கள். கழுத்தில் இறுக்கம் தெரிந்தால் நிறுத்தி மெல்லத் தொடங்குங்கள். வாய்ப்பக்கம் பாதி அடைபடும்போது அங்கே உருவாகும் அழுத்தம் நாண்களைச் சற்று விலக்கிப் பிடிக்கும், மோதலின் வேகம் குறையும். இங்கோ டிட்ஸே என்ற குரல் விஞ்ஞானி இந்த வகைப் பயிற்சியை ஆராய்ந்து பரப்பியவர். நான்கைந்து நிமிடம், ஒரு நாளில் சில தடவை. காசும் செலவில்லை.

கொத்தமல்லி அவித்துக் குடிக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. தாராளமாகக் குடியுங்கள். சூடு இதமாக இருக்கும், உடம்புக்கு நீரும் சேரும். ஆனால் குடிக்கிற எதுவும் குரல்நாண் மேல் நேரடியாகப் படாது. அது உணவுக்குழாய் வழியே போகிறது. நாண்களில் ஈரம் இருக்க நாள் முழுவதும் தண்ணீர் குடிக்க வேண்டும், கலையகத்து ஏசிக் காற்று காயவைக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆவி பிடித்தால் அந்த ஈரம் நாண்களுக்கே போகும். இரவு பத்து மணிக்கு ஒலிப்பதிவு முடித்துக் கொத்து ரொட்டி சாப்பிட்டு உடனே படுக்கிறவர்களுக்கு வயிற்று அமிலம் மேலேறித் தொண்டை புண்ணாவதை அடிக்கடி பார்க்கிறேன். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு, மூன்று மணித்தியாலம் விடுங்கள். தொண்டையைச் செருமுவதை விடுங்கள், ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். குசுகுசுப்பு ஓய்வு ஆகாது, பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். ஓய்வென்றால் வாய் மூடியிருப்பது. வாகனம் நெரியும் கொழும்புக் காலி வீதியில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு தொலைபேசியில் கத்திக் கதைப்பதும் அன்றைய கணக்கில் சேரும்.

மரத்துப்போகச் செய்யும் லொசன்ஜரை வாயில் போட்டுக்கொண்டு ஒலிப்பதிவுக்குப் போவது ஆபத்து. வலி உங்களை நிறுத்தச் சொல்லும் அறிகுறி, அதை நீங்களே அணைத்துவிடுகிறீர்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சிலருக்குக் குரல்நாண்கள் சற்று வீங்கும், மேல் சுருதி கனக்கும். அந்த நாட்களில் வலிக்கு அஸ்பிரின், ஐபுபுரோபன் எடுத்துவிட்டு அலறல் காட்சி செய்யாதீர்கள். இரத்தம் உறைவதை அவை தாமதப்படுத்தும், நாணில் உள்ள மெல்லிய குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் கசியும். பனடோலில் இந்தச் சிக்கல் இல்லை. (இதயத்துக்காக வைத்தியர் அஸ்பிரின் தந்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. வைத்தியரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள்.) ஒரு அலறலின் நடுவில் குரல் திடீரெனப் போய்விட்டால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். அடுத்த டேக் வேண்டாம். இரத்தக்கசிவாக இருக்கலாம், அன்றைக்கோ மறுநாளோ தொண்டையைப் பார்க்க வேண்டும்.

மற்றபடி கரகரப்பு நான்கு வாரத்தைத் தாண்டினால் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் போங்கள். அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் கழகம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டலும் நான்கு வாரத்தையே எல்லையாகச் சொல்கிறது. புகைப்பவர், வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுபவர், கழுத்தில் கட்டி உள்ளவர், விழுங்கவோ மூச்செடுக்கவோ கஷ்டப்படுபவர், சளியில் இரத்தம் கண்டவர் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இதற்கான கிளினிக் உண்டு, அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மெல்லிய கமராவைச் செலுத்திப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. கமராவால் பார்க்காமல் "சும்மா தொண்டைக்கட்டு" என்று அன்டிபயோட்டிக் மட்டும் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டு மாதங்களைக் கடத்தியவர்களைப் பார்க்கும்போது மனம் நோகும்.

சத்திர சிகிச்சை என்ற பயத்தில் வராதவர்களுக்கு ஒரு சொல். நொடியூலுக்கு முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான். பெரும்பாலானோருக்கு அதிலேயே குறையும். பழக்கம் மாறாமல் வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும். எங்கள் துறையில் தமிழில் சிகிச்சை தருவோர் குறைவு, அதனால் வரிசையில் கொஞ்சம் காத்திருக்க நேரலாம். காத்திருக்கும் நாட்களில் மேலே சொன்ன பயிற்சியைத் தொடங்கலாம்.

கலையகம் நடத்துபவர்களிடமும் கேட்கிறேன். அலறல், அழுகை, ஓடி இளைக்கும் மூச்சு எல்லாவற்றையும் கடைசியில் பதியுங்கள். காலையிலேயே அலற வைத்துவிட்டு மாலையில் இனிமையான குரலை எதிர்பார்த்தால் எங்கிருந்து வரும்? வசனத்தை முந்திய நாளே அனுப்புங்கள், மூச்செடுக்கும் இடத்தை அவர்களே குறித்துக்கொண்டு வருவார்கள். அமெரிக்காவில் வீடியோ கேம்களுக்குக் குரல் கொடுக்கும் நடிகர்கள் 2016 ஒக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தொண்டையை வருத்தும் ஒலிப்பதிவை இரண்டு மணித்தியாலத்துக்கு மட்டுப்படுத்துவது. நம்மிடம் சங்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இயக்குநர் ஒருவர் நினைத்தால் நாளைக்கே செய்யலாம். குரல் சரியில்லை என்று சொன்ன கலைஞருக்கு அடுத்த வாரம் அதே பாத்திரத்தை வைத்திருங்கள். அந்த ஒரு உத்தரவாதம் கிடைத்தால் அவர்கள் எங்களிடம் நேரத்தோடு வருவார்கள்.

பெற்றோரும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கார்ட்டூன் குரலைப் போலச் செய்து நாள் முழுவதும் கத்தும் பிள்ளைகளுக்கும் நொடியூல் வரும், ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். விளையாட்டை நிறுத்த வேண்டாம். வாரக்கணக்கில் கரகரத்தால் காட்டுங்கள்.

எங்கள் கிளினிக்குக்கு வரும் குரல் கலைஞர்கள் இரண்டு பொருள் கொண்டுவாருங்கள். ஒன்று, குரல் நன்றாக இருந்த காலத்து ஒலிப்பதிவு, தொலைபேசியில் இருந்தால் போதும். மற்றது, உங்களை அதிகம் வருத்தும் வசனத் தாள். அந்தத் தாளை வைத்தே பயிற்சியைத் தொடங்குவோம்.