நேராகப் பின்னியும் கோடு ஏன் நெளிகிறது?

கம்பளிப் போர்வை பின்னும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "இரண்டு வரிசைக்கு ஒருமுறை சில இடங்களில் கண்ணியைக் கூட்டச் சொன்னார்கள், சில இடங்களில் குறைக்கச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். போர்வை வளர வளர வண்ணக் கோடுகள் மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்குகின்றன. நான் ஒரு கண்ணியைக்கூடச் சாய்த்துப் பின்னவில்லை. இந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது?"

இந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. இரண்டு மாதிரித் துண்டுகள் பின்னி, கோணமானி வைத்து அளந்தும் பார்த்துவிட்டேன்.

முதலில் அடிப்படை. நெசவில் பாவும் ஊடையும் நேர்க்கோடுகள். ஒன்றை ஒன்று குறுக்காகக் கடக்கும், அவ்வளவுதான். பின்னலில் நேர்க்கோடே கிடையாது. ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகிறது. ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே உள்ள கண்ணிக்குள் நுழைந்து வெளியே வருகிறது. பள்ளிக் கணக்கில் அணிகளைப் படித்தபோது நிரை, நிரல் என்றோமே, அதே அமைப்புதான். ஊசியில் பக்கவாட்டில் இருப்பதை வரிசை என்போம். ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஏறும் கண்ணிகளை நிரல் என்போம்.

சாதாரணப் பின்னலில் நிரல்கள் தொடக்கம் முதல் முடிவு வரை அப்படியே மேலே போகும். நெளிவுப் பின்னலில் அப்படி இல்லை. ஓரிடத்தில் ஒரு கண்ணியை மூன்றாக்குகிறோம். அங்கே இரண்டு புது நிரல்கள் பிறக்கின்றன. இன்னோர் இடத்தில் மூன்று கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறோம்; அங்கே இரண்டு நிரல்கள் முடிகின்றன. கூட்டியதும் குறைத்ததும் சமம் என்பதால் ஊசியில் இருக்கும் எண்ணிக்கை மாறுவதில்லை. முக்கியமான விஷயம், கூட்டுவது எப்போதும் பழைய கூட்டலுக்கு நேர் மேலே, குறைப்பதும் அப்படியே.

இதன் விளைவைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கூட்டும் இடத்தில் புதிதாக இரண்டு பேர் வந்து நின்றால், பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஓர் அடி விலக வேண்டும். குறைக்கும் இடத்தில் இரண்டு பேர் போய்விட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் ஓர் அடி நெருங்க வேண்டும். ஆக, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிரல்கள் எல்லாம் ஒரு ஊர்வலம். கூட்டும் இடத்தில் பிறந்து, இரண்டு வரிசைக்கு ஒரு கண்ணி வீதம் நகர்ந்து, குறைக்கும் இடத்தில் போய் மறைகின்றன. நடுவில் 12 கண்ணிகள் இருந்தால் ஒரு நிரலின் ஆயுள் 24 வரிசை. போர்வையை வெளிச்சத்தில் வைத்து ஒரு நிரலை விரலால் தொட்டுக்கொண்டே போனால், அது உச்சியில் தொடங்கிப் பள்ளத்தில் முடிவது தெரியும்.

மேலே ஏறும்போதே பக்கவாட்டிலும் நகர்கிறது என்றால் நிரல் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சரி, நிரல் சாய்ந்தால் வரிசை ஏன் சாய வேண்டும்?

எழுந்து நின்று செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். உடம்பை மட்டும் வலப்பக்கம் சாயுங்கள். வலக்கை தாழும், இடக்கை உயரும். உடம்பு நிரல், கைகள் வரிசை. ஒரு கண்ணி ஏறத்தாழ ஒரு சிறு செவ்வகம். அதை நசுக்கிச் சாய்சதுரமாக்குவதைவிட அப்படியே திருப்புவது சுலபம். அதனால் நிரலுக்கும் வரிசைக்கும் இடையே உள்ள செங்கோணம் கலையாமல் இருக்கிறது. நிரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வரிசை தாழ்கிறது. எல்லா நிரல்களும் குறைக்கும் இடத்தை நோக்கிச் சாய்வதால் அங்கே பள்ளம், கூட்டும் இடத்தில் உச்சி. ஊசியில் இருக்கும்வரை கம்பி வரிசையை நேராகப் பிடித்து வைக்கிறது. அதிலிருந்து இறங்கிய பிறகுதான் துணி தன் இயல்புக்கு வருகிறது.

இன்னும் எளிதாகப் பார்க்க வேண்டுமானால், கோடு போட்ட தாள் ஒன்றைச் சாய்வான பட்டைகளாக வெட்டுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு, வெட்டிய ஓரங்கள் செங்குத்தாக நிற்கும்படி ஒட்டுங்கள். கோடுகள் நெளிந்து ஓடும். போர்வையும் அதேதான். ஒவ்வொரு சரிவும் நேராகப் பின்னிய சாதாரணத் துணி. உச்சியும் பள்ளமும் அதன் வெட்டு ஓரங்கள். கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல், பின்னும்போதே வெட்டி ஒட்டுகிறோம். எனக்கு இதில் பிடித்ததே இந்த இடம்தான்.

எவ்வளவு சாயும் என்பதைப் பத்தாம் வகுப்பு முக்கோணவியலே சொல்லிவிடும். அடுத்தடுத்த இரண்டு கூட்டல்களுக்கு இடையே நிரல் ஏறும் உயரம் ஒரு பக்கம், அதற்குள் அது பக்கவாட்டில் நகரும் ஒரு கண்ணி அகலம் இன்னொரு பக்கம். அகலத்தை உயரத்தால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட். 10 சென்டிமீட்டரில் 20 கண்ணி, 28 வரிசை வரும் வழுவழுப்பான பின்னலை எடுத்துக்கொண்டால், ஒரு கண்ணி 5 மில்லிமீட்டர் அகலம், இரண்டு வரிசை 7.1 மில்லிமீட்டர் உயரம். சாய்வு 35 பாகை, உச்சியின் கோணம் 110 பாகை. நான்கு வரிசைக்கு ஒருமுறை மட்டும் கூட்டிக் குறைத்தால் சாய்வு 19 பாகையாகிவிடும், மெல்லிய அலை. வரிசைதோறும் செய்தால் 54 பாகை, கூரான பல். எல்லா வரிசையையும் ஒரே மாதிரி பின்னும் கார்ட்டர் பின்னலில் இரண்டு வரிசையின் உயரம் ஏறத்தாழ ஒரு கண்ணியின் அகலத்துக்குச் சமம். அதனால் சாய்வு ஏறத்தாழ 45 பாகை, உச்சியில் செங்கோணம். என் மாதிரித் துண்டில் கோணமானி 90-ஐத் தொட்டு நின்றபோது உண்மையிலேயே புல்லரித்தது.

சிலர் பின்னினால் மட்டும் அலை அழகாக வருவதைக் கைராசி என்கிறார்கள். ராசிக்கு இங்கே வேலையே இல்லை. இது கைவாகு. நூலை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கண்ணியின் அகலமும் உயரமும் மாறும், கோணமும் கூடவே மாறும். அளவுகோல் வைத்து அளக்கக்கூடிய ஒன்றை ராசி என்று ஒதுக்கினால், கற்றுக்கொள்ள வருகிறவர் மனம்தான் உடையும்.

"கம்பளி பின்னுவதையெல்லாமா ஆராய்ச்சி செய்வார்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. செய்கிறார்கள், செய்ய வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எலிசபெத்தா மாட்சுமோட்டோவின் குழு 2024-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. நிட் (நேர்க் கண்ணி), பர்ல் (அதையே பின்பக்கமிருந்து பார்த்தது போன்ற கண்ணி) என்ற இரண்டே கண்ணிகளை வெவ்வேறு விதமாக அடுக்கினால் துணி எவ்வளவு நெகிழும், எப்படி விறைக்கும் என்பதைச் சோதனையாலும் கணினி மாதிரியாலும் காட்டியது. அதிகம் நீளாத நூலில் இருந்து நன்றாக நீளும் துணி வருகிறது. நீட்சி கண்ணிகளின் வளைவில் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் டைனா டைமினா 1997-இல் கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியை எடுத்து, வரிசைதோறும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனார். குறைக்கவே இல்லை. துணி கீரை இலை ஓரம் போல மடிந்து சுருண்டது. மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய மிகைவளையத் தளம் (ஹைபர்போலிக் பிளேன், எல்லா இடத்திலும் குதிரைச் சேணம் போல வளையும் பரப்பு) அப்படித்தான் கிடைத்தது. பெண்கள் வீட்டில் செய்யும் வேலை என்பதாலேயே ஒரு கேள்வியைச் சின்னதாக நினைத்து நிதி மறுப்பது பெரிய தவறு என்று நான் நம்புகிறேன். வளைவின் கணிதம் ஊசிமுனையில் கிடைத்தால் அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும்.

வாசகி இன்னொன்றும் கேட்டிருந்தார்: கணக்குப் போட்டுத்தான் தொடங்கினேன், போர்வை ஏன் ஒடுங்கிவிட்டது? சரிவில் கிடக்கும் ஏணி தரையில் குறைந்த நீளத்தையே அடைக்கும், அதே காரணம். 45 பாகைச் சாய்வில் அகலம் 71 சதவீதமாகச் சுருங்கும். நட்டமில்லை, உயரம் 41 சதவீதம் கூடும். இரண்டையும் பெருக்கினால் பரப்பு பழையபடியே இருக்கும். அதே கண்ணிகள், அதே நூல், வடிவம் மட்டும் வேறு. தொடக்க ஓரத்தை இறுக்கிப் போட்டால் மட்டும் அடிவரிசை நெளிய மறுத்துச் சுருக்கம் விழும், அதைத் தளர்வாகப் போடுங்கள். ஒவ்வொரு வண்ணத்தையும் இரட்டைப்படை எண்ணிக்கையில் வரிசைகள் பின்னிய பிறகே மாற்றுங்கள். அப்போதுதான் நூல் புறப்பட்ட ஓரத்துக்கே திரும்பி வரும்.

120 சென்டிமீட்டர் அகலம் வேண்டும், ஒரு கண்ணி 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேர்ப் பின்னலுக்கு 240 கண்ணி போதும். கார்ட்டர் நெளிவுக்கு அதை 1.41-ஆல் பெருக்கினால் 338 வரும். ஒரு சரிவுக்கு 12, இன்னொரு சரிவுக்கு 12, உச்சிக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று என ஓர் அலைக்கு 26 கண்ணி. 13 அலைகள் சரியாகப் பொருந்தும். ஓரங்களுக்கு மட்டும் ஒன்றிரண்டு கண்ணி கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.