‘லீகல்தானே, டொக்டர்?’: கஞ்சா பற்றி ஒரு குடும்ப வைத்தியர்

கனடாவில் 2018 ஒக்ரோபர் 17ஆம் திகதி கஞ்சா சட்டபூர்வமானது. அன்றிலிருந்து ஸ்காபரோவில் உள்ள என் கிளினிக்கில் ஒரே கேள்வி இரண்டு தொனியில் வருகிறது. பிள்ளைகள் கேட்டால், "லீகல்தானே, டொக்டர்?" பிறகென்ன பிரச்சினை என்று பொருள். பெற்றோர் கேட்டால், "இதையெல்லாம் எப்படி டொக்டர் லீகல் ஆக்கினவங்கள்?" நாடு கெட்டுப்போச்சு என்று பொருள். இரு தரப்பும் ஒன்றைத்தான் நம்புகின்றன: கஞ்சா உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று பாராளுமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். அப்படி ஒரு தீர்ப்பைப் பாராளுமன்றம் சொல்லவேயில்லை.

இதை விளக்க நான் அமெரிக்கக் கருத்துக்கணிப்புகளைக் காட்டுவதுண்டு. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று கலப் நிறுவனம் 1969இல் முதன்முதலாகக் கேட்டபோது 12 வீதம் பேர்தான் ஆம் என்றார்கள். கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் வாக்கெடுப்பில் அனுமதி கொடுத்த அடுத்த வருடம், 2013இல், அது 58 வீதம். 2023இல் 70. சமூக விஷயம் ஒன்றில் ஒரு நாட்டு மக்களின் மனது இந்த அளவுக்குத் திரும்புவது அரிது.

சரி, அப்படியானால் அமெரிக்கர்களுக்குக் கஞ்சா நல்லது என்று படுகிறதா? 2024இல் அதே நிறுவனம் அதையும் கேட்டது. சமூகத்தில் அதன் விளைவு கெட்டதுதான் என்று 54 வீதம் பேர் சொன்னார்கள். அந்த ஆண்டில் சட்டபூர்வமாக இருக்க வேண்டும் என்றவர்கள் 68 வீதம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கெட்டது என்று சொன்னவர்களில் கணிசமானவர்கள் சட்டபூர்வமாக இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதில் முரண்பாடு இல்லை. ஒருவன் கஞ்சா அடித்ததற்காக அவனைச் சிறையில் போட வேண்டுமா என்பது ஒரு கேள்வி, என் பிள்ளை அடிக்கலாமா என்பது வேறு கேள்வி. நம் ஆட்கள்தான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம்.

‘88 வீத அமெரிக்கர்கள் ஆதரவு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்ணிக்கையும் அப்படித்தான். பியூ நிறுவனம் 2024 தொடக்கத்தில் எடுத்த கணிப்பில் 57 வீதம் பேர் மருத்துவத்துக்கும் பொழுதுபோக்குக்கும் சரி என்றார்கள், 32 வீதம் பேர் மருத்துவத்துக்கு மட்டும் என்றார்கள். இரண்டையும் கூட்டினால்தான் 88க்குப் பக்கத்தில் வரும்.

என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். கனடா செய்தது சரி என்றே நினைக்கிறேன். தொண்ணூறுகளில் பொக்கற்றில் ஒரு சிறு பொட்டலத்தோடு பிடிபட்ட பெடியன்களுக்குக் குற்றப்பதிவு விழுந்தது. கறுப்பின இளைஞர்களுக்கு அது இன்னும் மோசமாக நடந்தது. அந்தப் பதிவால் வேலை கிடைக்காமல், அமெரிக்க எல்லை தாண்ட முடியாமல் போனவர்கள் இன்று ஐம்பதை நெருங்கும் அப்பாக்கள். 2019இல் வந்த சட்டப்படி, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கான பதிவைக் கட்டணமில்லாமல் இடைநிறுத்தக் கேட்கலாம். தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். "பழசைக் கிளறவேண்டாம்" என்பார்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ‘லீகல்’ என்ற சொல்லுக்குள் எத்தனை தடை இருக்கிறதென்று தெரியும். ஒன்ராறியோவில் 19 வயதுக்குக் குறைந்தவர்கள் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. கியூபெக் 18இல் தொடங்கி, 2020 ஜனவரியில் வயதை 21 ஆக உயர்த்திவிட்டது. பொது இடத்தில் 30 கிராம் உலர்ந்த கஞ்சாதான் உச்ச வரம்பு. 18 வயதுக்குக் குறைந்த ஒருவருக்குக் கொடுத்தால் 14 ஆண்டுகள் வரை சிறை. அந்த வயதுத் தம்பிக்கு அண்ணன் கொடுத்தாலும் அதே சட்டம்தான்.

ஸ்டீல்ஸ் அவெனியூவுக்குத் தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம். கடைகளை அனுமதிப்பதா என்று முடிவெடுக்கும் வாய்ப்பு நகரசபைகளுக்குக் கிடைத்தபோது ரொறன்ரோ சரி என்றது, மார்க்கம் வேண்டாம் என்றது. மார்க்கத்தில் வீடு வாங்கிய தமிழ்ப் பெற்றோர் பலருக்கு அதில் ஒரு நிம்மதி. எனக்கு அது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். மாகாண அரசின் இணையக் கடையில் ஓடர் பண்ணினால் அந்த வீட்டு வாசலுக்கே பார்சல் வரும். வாசலில் வாங்குபவர் அடையாள அட்டை காட்டவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது வாகனம். ஜி1, ஜி2 என்ற புதிய ஓட்டுநர் அனுமதிப்பத்திரக்காரர், 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள், ட்ரக் போன்ற வர்த்தக வாகனம் ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு ஒன்ராறியோவில் கஞ்சா அளவு பூச்சியமாக இருக்கவேண்டும். நம்மவர்களில் ட்ரக் ஓட்டுபவர்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. இன்னும் குடியுரிமை எடுக்காத நிரந்தரவாசிகள் (பிஆர்) கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 டிசம்பர் 18 முதல் போதையில் வாகனம் ஓட்டும் குற்றத்துக்கான உச்ச தண்டனை பத்து வருடம். அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது ‘கடும் குற்றம்’ என்ற வகைக்குள் போய்விட்டது. மதுவுக்கு மட்டுமல்ல, கஞ்சாவுக்கும் இதே கதைதான். குற்றத்தீர்ப்பு வந்தால் பிஆர் பறிபோகலாம். எல்லையையும் மறக்கவேண்டாம்: பஃபலோ பக்கம் நியூயோர்க் மாநிலத்திலும் கஞ்சா சட்டபூர்வம்தான், இருந்தாலும் கஞ்சா கலந்த கம்மி மிட்டாய் ஒன்றைக்கூட எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் கூடாது, கொண்டுவரவும் கூடாது. வைத்தியர் எழுதித் தந்தது என்றாலும் இதேதான்.

சட்டத்தை விடுவோம். கிளினிக்கில் நான் பார்ப்பது வேறு. கீழே வருபவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

வளாகத்தில் படிக்கும் மகனை ஒரு அம்மா கூட்டிவந்தார். காலையில் சத்தி, வயிற்றுநோ, இப்படி மாதக்கணக்கில். அவசரப் பிரிவுக்குப் பலதடவை போய்விட்டார்கள். ஸ்கான் எடுத்தாயிற்று, குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. "சாப்பிடுறதில்லை டொக்டர். குளிக்கப் போனால் ஒரு மணித்தியாலம் வெளியிலை வரமாட்டான். சுடுதண்ணி முழுக்க முடியுது. காஸ் பில்லைப் பாருங்கோ" என்று அவர் கோபத்தோடு சொன்னதுதான் நோயைக் காட்டிக்கொடுத்தது. அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "சுடுதண்ணியில நிண்டால் சத்தி குறையுதோ?" என்று கேட்டேன். அவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். தினமும் கஞ்சா வேப் (மின்சிகரெட்), இரண்டு வருடத்துக்கு மேலாக.

இது மருத்துவத்தில் பெயருள்ள நோய். நெடுநாள், அடிக்கடி கஞ்சா எடுப்பவர்களில் சிலருக்கு அலை அலையாக வாந்தி வரும். வழக்கமான வாந்தி மருந்துகள் சரியாகக் கேட்காது, சுடுதண்ணீரில் நின்றால் தற்காலிகமாகத் தணியும். கொடுமை என்னவென்றால், கஞ்சா குமட்டலைக் குறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே குமட்டக் குமட்ட இன்னும் இழுப்பார்கள். முழுதாக நிறுத்துவது ஒன்றுதான் நிலையான தீர்வு. "நிறுத்து" என்று நான் சொன்னபோது அவன் கேட்டதும் அதேதான்: "லீகல்தானே?"

அடுத்தது வயதானவர்கள். இதைப்பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு இது பெரிய தலையிடி. முழங்கால் வலிக்கு, நித்திரைக்கு, கஞ்சாச் செடியிலிருந்து வரும் சிபிடி எண்ணெய் எடுக்கும் அம்மம்மாக்கள் அதிகரித்துவிட்டார்கள். கோயிலில் பக்கத்தில் இருந்தவர் சொன்னது, மருமகள் ஓடர் பண்ணித் தந்தது. என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று நான் கேட்கும் பட்டியலில் அது வராது. "அது எண்ணெய்தானே டொக்டர், மருந்து இல்லையே." இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு அந்த எண்ணெய் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடலாம், ஏனென்றால் அந்த மருந்தை உடைக்கும் ஈரல் நொதிகளை அது மந்தப்படுத்துகிறது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி கலந்த எண்ணெய் என்றால் இரவில் எழும்பும்போது தலைசுற்றி விழும் ஆபத்தும் சேரும். வார்ஃபரின் எடுப்பவர் விழுந்து தலை அடிபட்டால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. எடுக்கவே கூடாது என்று நான் சொல்வதில்லை. இரத்தப் பரிசோதனையை முன்கூட்டிச் செய்யவேண்டும், அதற்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளில் கம்மிகளைப் பூட்டி வையுங்கள். அனுமதிபெற்ற பொதியில் டிஎச்சி மொத்தமாக 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கள்ளச் சந்தைப் பொதிகள் பிரபல மிட்டாய் உறைகளைப் போலவே இருக்கும், அவற்றில் பலநூறு மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். இனிப்பு, சாக்லேட் வடிவில் விற்பதைக் கியூபெக் தடைசெய்தது. சட்டபூர்வமான பின் சிறுபிள்ளைகள் கஞ்சா நஞ்சேறி மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவது மற்ற பெரிய மாகாணங்களில் ஏறிய அளவுக்கு அங்கே ஏறவில்லை. பிள்ளை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழுந்தால், தள்ளாடினால் 1-844-764-7669 என்ற நச்சுத் தகவல் மையத்தை அழையுங்கள். எழுப்ப முடியவில்லை, மூச்சு சரியில்லை என்றால் 911. வெட்கப்பட்டு "என்ன சாப்பிட்டதோ தெரியாது" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் மூளைக்காய்ச்சலோ என்று பார்க்கக் குழந்தையின் முதுகெலும்பில் ஊசி போட நேரிடும். பெரியவர்களும் கவனிக்க வேண்டியது: சாப்பிட்டால் ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணித்தியாலம் ஆகும். "ஒண்டும் செய்யேல்லை" என்று இன்னொன்றை விழுங்கித்தான் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது மனநோய். இன்றைய கஞ்சா தொண்ணூறுகளில் இருந்தது இல்லை. அப்போது டிஎச்சி நான்கு வீதமளவு இருந்தது, இப்போது கடையில் விற்கும் பூவிலேயே 20 வீதத்துக்கு மேல் சாதாரணம். வேப்புக்குள் போடும் சாறுகளில் அதைப் போலப் பல மடங்கு. 2006 முதல் 2022 வரையான ஒன்ராறியோ சுகாதாரத் தரவுகளை வைத்து ஒரு ஆய்வு 2025இல் வெளியானது. புதிதாக ஸ்கிட்ஸோஃப்ரினியா கண்டறியப்பட்டவர்களில், கஞ்சாவுக்கு அடிமையாகி மருத்துவமனைவரை போனதோடு தொடர்புபட்டவர்களின் பங்கு 3.7 வீதத்திலிருந்து 10.3 வீதமாக ஏறியிருந்தது. அவசரப்பட்டு முடிவுக்கு வரவேண்டாம். ஸ்கிட்ஸோஃப்ரினியா மொத்தத்தில் அதிகரித்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை, கஞ்சாதான் காரணம் என்றும் அது நிரூபிக்கவில்லை. நோய் தொடங்கும் காலத்தில் மனப் பதற்றத்தைத் தணிக்கக் கஞ்சாவை நாடுபவர்களும் உண்டு. ஆனால் யாருக்கு ஆபத்து கூட என்பது ஓரளவு தெளிவு: பதின்ம வயதில் தொடங்கியவர், தினமும் எடுப்பவர், வீரியம் கூடியதை எடுப்பவர், குடும்பத்தில் யாருக்காவது இப்படியான நோய் இருப்பவர்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் சமூகம் தடுமாறுகிறது. "குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா?" என்று கேட்டால், பத்து வீடுகளில் ஒன்பது "இல்லை" என்று சொல்லும் போல எனக்குப் படும். மகன் சந்தேகமும் பயமுமாக, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று சொல்லி மருத்துவமனையில் கிடக்கும்போதுதான் உண்மை வரும். ஊரில் ஒரு சித்தப்பா ‘தலை சுகமில்லாமல்’ இருந்தவர், அறையை விட்டு வெளியே வந்ததில்லை, இயக்கப் பிரச்சினையால் என்று மற்றவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தோம். போர் பலரையும் உடைத்தது உண்மை. அதனாலேயே எல்லா நோயையும் போரின் கணக்கில் எழுதிவிடுவது எளிதாகவும் போய்விட்டது. மூத்தவளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று மறைத்த அந்தச் செய்தியைக் கேள்விப்படாமலே இளையவன் பதினாறு வயதில் வேப் இழுக்கத் தொடங்கியிருப்பான். அப்படி ஒரு சித்தப்பா இருந்தால் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பதினைந்து வயதுக்கு முன்னமே. "கஞ்சா கூடாது" என்று நூறுதடவை சொன்னால் காதில் ஏறாது. "எங்கட குடும்பத்தில இது இருக்கு, அதனால உனக்கு மற்றப் பெடியனைவிட ஆபத்து கூட" என்பது ஒரு தகவல். அதை அவன் கூகிளில் தேடிப் பார்த்தும் உறுதிப்படுத்திக்கொள்வான்.

ஏற்கெனவே எடுக்கிற பிள்ளையைக் கூட்டிவருவதென்றால், என்ன, எத்தனை வீதம், எவ்வளவு அடிக்கடி, எந்த வயதில் தொடங்கியது என்பதை அவனே தனியாக எனக்குச் சொல்ல விடுங்கள். அவன் சொல்வதை அவன் சம்மதமில்லாமல் பெற்றோருக்குச் சொல்லமாட்டேன். பொலிசுக்கோ வேலைத்தலத்துக்கோ போகாது. ஒரு விதிவிலக்கு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுவேன்: கட்டுப்பாடில்லாத போதைப் பழக்கத்தால் பாதுகாப்பாக வாகனம் ஓட்ட முடியாத நிலை என்று கண்டால், ஒன்ராறியோ வைத்தியர் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவித்தே ஆகவேண்டும். இதைக் கேட்டதும் சிலர் எழுந்து போய்விடுவார்கள். பெரும்பாலானவர்கள் கார்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டுத் தொடர்ந்து பேசுகிறார்கள்.