சூச்சர் கோடு: தமிழில் மூட்டுவரி

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சார்மவுத் கடற்கரையில், சரிந்து விழுந்த களிமண்ணை அலைகள் கரைத்துச் சென்றபின், பித்தளை நிறத்தில் மின்னும் சிறு அம்மோனைட்டுகள், அதாவது அழிந்துபோன சுருளோட்டுக் கடலுயிர்களின் புதைபடிவங்கள், கூழாங்கற்களுக்கிடையே அகப்படுவதுண்டு. பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமத்தாலான அவற்றின் மேற்பரப்பில், பெரணி இலையின் விளிம்புபோல நெளிந்து கிளைத்த கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்படும். ஏதோ செடியின் பதிவு என்று தோன்றினாலும், இவை அவ்வுயிரின் ஓட்டமைப்பைச் சேர்ந்தவையே. தொல்லுயிரியலில் இக்கோட்டைச் சூச்சர் என்பர்.

கணவாய்க்கு உறவான அம்மோனைட், தன் சுருள் ஓட்டின் கடைசி அறையில் மட்டுமே வாழ்ந்தது. வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் விட்ட இடத்தைத் தடுப்புச் சுவர் எழுப்பி மூடிக்கொண்டது. அச்சுவரின் விளிம்பு ஓட்டின் உட்புறத்தைத் தொடும் கோடே சூச்சர். ஓடு முழுமையாக இருக்கும்வரை இது வெளியே தெரியாது. அறைகளுக்குள் சேறோ கனிமமோ நிரம்பி இறுகி, மேலோடு கரைந்தோ உடைந்தோ போன உள்ளச்சில்தான் காணலாம். ஓட்டின் புறத்தே எழும் விலாவரிகள் பெரும்பாலும் புடைத்து நிற்பதால் விரலுக்குத் தட்டுப்படும். சூச்சரோ மயிரிழைபோல மெல்லியது.

இன்றும் கடலில் வாழும் உறவினமான நாட்டிலஸின் ஓட்டில் இக்கோடு எளிய வளைவாகவே இருக்கிறது. அம்மோனைட்டுகளுக்கு முந்திய உறவினங்களுள், தொல்லுயிர் ஊழியைச் சேர்ந்த கோனியட்டைட்டுகளில் அது கோணல்மாணலாக மடிகிறது; டிரையாசிக் காலத்துச் செரடைட்டுகளில் ஓட்டின் வாய்க்கு எதிர்ப்புறம் நோக்கிய மடிப்புகள் மட்டும் ரம்பப் பல்லாகின்றன; ஜுராசிக், கிரெட்டேசியக் கால அம்மோனைட்டுகளில் மடிப்பெல்லாம் கிளைவிட்டுப் பின்னலாகிறது. இத்தனை மடிப்பு எதற்கு என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நீரழுத்தத்தைத் தாங்க ஓட்டுக்கு வலுவூட்டியது என்பது பழைய விளக்கங்களுள் ஒன்று. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளின் கிரெட்டேசியப் பாறைகளில் கிடைக்கும் அம்மோனைட்டுகளை இனம் பிரிப்பதற்கும் இக்கோடு உதவுகிறது.

தைத்தல் என்னும் பொருளுடைய ‘சுவெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து, தையலைக் குறிக்கும் ‘சுத்தூரா’ பிறந்தது; ஆங்கிலத்தின் சூச்சர் அதன் வழிவந்ததே. அறுவை மருத்துவர் இடும் தையலுக்கும், மண்டையோட்டு எலும்புகள் இணையும் கோட்டுக்கும் அதே பெயர்தான். தமிழில் ‘தையல் கோடு’ என்று நேராகச் சொல்லலாமெனினும், நூலும் ஊசியும் புகாத இடத்தில் அது பொருந்தவில்லை. ‘மூட்டுவரி’ என்பதே என் தெரிவு. மூட்டு என்பது பொருத்து. சாக்கின் வாயை மூட்டுதல் என்னும் வழக்கில் தைத்தலும் அதனுள் அடங்கிவிடுகிறது. முழங்கால் நினைவுக்கு வருமே என்று சிலர் தயங்கக்கூடும். அதுவும் இரண்டு சேருமிடந்தானே.

சங்கு, நத்தை ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றின் ஓட்டில் ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொடும் வெளிப்பள்ளத்தையும் ஆங்கிலத்தில் சூச்சர் என்றே குறிப்பர். அங்கே தடுப்புச் சுவர் விளிம்பு என்ற பேச்சே இல்லையாதலால், அதற்கு மூட்டுவரியைப் பயன்படுத்தாமல் ‘சுற்றுப்பொருத்து’ என்று வேறுபடுத்தி எழுதுவது நல்லது.