ஹஜ் வெயிலில் சர்க்கரை, பிரஷர் நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை மறப்பதில்லை. அது கட்டாயம், சவூதி போய்ச் சேருவதற்கு 10 நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். ஆனால் நம் ஊரிலிருந்து போகும் வயதான ஹாஜிகளுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வெயிலும், அவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளும் சேர்ந்து செய்வது.

2024 ஜூனில் மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதியில்லாமல் வந்து, தங்க நிழலில்லாமல் வெயிலில் வெகுதூரம் நடந்தவர்கள். இப்போது ஹஜ் மே மாதத்துக்கு நகர்ந்திருக்கிறது. மே மாத மக்காவிலும் 40 டிகிரியைத் தாண்டும், அசட்டையாக இருக்க வேண்டாம்.

பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃப்ரூசெமைடு போன்றவை சிறுநீரை அதிகம் போக வைப்பவை. வியர்வையும் சேர்ந்தால் பிரஷர் இறங்கி, எழுந்து நிற்கும்போது மயக்கம் வரும். சர்க்கரைக்குத் தரப்படும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசினும் உடலில் நீரைக் குறைக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் இவற்றைத் தொடர்வது ஆபத்து. சளிக்குக் கடையில் வாங்கும் தூக்கம் தரும் அலர்ஜி மாத்திரைகள் வியர்வையைக் குறைத்து உடல் சூட்டை ஏற்றும். டாக்டர் எழுதித் தந்த எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் டாக்டரிடம் மாத்திரைகளைக் காட்டி, ஹஜ் கடமைகளுக்காக அரஃபா, மினா என்ற இடங்களில் தங்கும் நாள்களில் எதைக் குறைப்பது, உடம்பு சரியில்லாத நாளில் எதை விடுவது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு இறங்கிக் குழப்பம் வரும். ஹைட்ரோகுளோரோதயசைடு சாப்பிடும் முதியவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். நடுநடுவே ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடியுங்கள். பாக்கெட்டில் 200 மில்லி என்றிருக்கிறதா, ஒரு லிட்டர் என்றிருக்கிறதா என்று பார்த்துக் கரைக்க வேண்டும். இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டரே சொல்ல வேண்டும்.

பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். குளிர்ப் பையில் வையுங்கள், ஆனால் ஐஸ்கட்டி நேரடியாக உரசினால் மருந்து உறைந்து வீணாகும். சர்க்கரை பார்க்கும் மிஷினும் ஸ்டிரிப்பும் கடும் சூட்டில் தவறாகக் காட்டலாம்; நிழலில் வைத்துச் சோதியுங்கள்.

மக்காவின் பெரிய பள்ளிவாசலான ஹரமில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பிறகு தேடிக் கிடைக்காமல் வெறுங்காலோடு ரூமுக்கு நடப்பது அடிக்கடி நடக்கும் விபத்து. கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குத் தார்ச்சாலை சுட்டதே தெரியாது. கொப்புளத்தை ராத்திரிதான் பார்ப்பார். செருப்பைத் துணிப்பையில் கூடவே எடுத்துச் செல்லுங்கள். இரவில் இரண்டு பாதங்களையும் கூட வருபவர் பார்க்கட்டும். ஹஜ்ஜுக்கான தையலில்லாத உடை அணிந்து இஹ்ராமில் இருக்கும்போது ஆண்கள் தொப்பி போடக்கூடாது, ஆனால் குடை பிடிக்கலாம்.

தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல் வந்தால் நிழலுக்குப் போய்ப் படுத்து, ஓ.ஆர்.எஸ். குடித்தால் பெரும்பாலும் சரியாகும். பேச்சு உளறினாலோ, நடை தள்ளாடினாலோ, ஆள் தெரியாமல் பார்த்தாலோ அது வெப்பத்தாக்கு. வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை, வியர்த்துக்கொண்டே இருப்பவருக்கும் வரும். உடனே 911-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் மேலே தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்குவதுதான் உயிரைக் காப்பது. பாராசிட்டமால் இதற்குக் கேட்காது. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மினாவில் கல் எறியும் கடமையை வெயில் தாழ்ந்த நேரத்துக்கு வைத்துக்கொள்வது, இயலாதவருக்காக வேறொருவர் எறிவது, சக்கர நாற்காலியில் தவாஃப் செய்வது (கஅபாவைச் சுற்றி வருவது) ஆகியவற்றுக்கு மார்க்கத்தில் இடமிருக்கிறது. உங்கள் ஊர் மார்க்க அறிஞரான ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பலர் அங்கே போய்த்தான் யோசிக்கிறார்கள், அதற்குள் களைத்துவிடுகிறார்கள்.

தலை மழிக்கும்போது புது பிளேடு என்று கண்ணால் பார்த்த பிறகே உட்காருங்கள். ஒரே பிளேடால் ஹெபடைடிஸ் பி, சி பரவும். கூட்டத்தில் மாஸ்க் அணியுங்கள், ஒட்டகப் பண்ணைக்கும் பச்சை ஒட்டகப் பாலுக்கும் போகாதீர்கள். ஊர் திரும்பி 14 நாளுக்குள் காய்ச்சலோடு மூச்சுத்திணறல் வந்தால், டாக்டரிடம் முதல் வார்த்தையாக ஹஜ்ஜிலிருந்து வந்திருப்பதைச் சொல்லுங்கள்.